தொட்டுப் பார்க்க முடியாத சூடு

ஜெனீவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வகம் என்றால் எல்லோருக்கும் 27 கிலோமீட்டர் வளையம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெரிய வளையத்துக்கு ஈய அயனிகளைப் பக்குவப்படுத்தி அனுப்பும் சின்ன வளையம் ஒன்று அங்கே உண்டு. பெயர் லெய்ர், சுற்றளவு 78.5 மீட்டர். அதன் திரைகளில் ஒன்றில் இடமிருந்து வலமாக அதிர்வெண், மேலிருந்து கீழாகக் காலம். அயனிகள் உள்ளே நுழைந்ததும் அகலமான ஒரு மங்கல் பட்டை தோன்றும், ஈரத்துணியால் கரும்பலகையைத் துடைத்த தடம்போல. அது ஒடுங்கிக்கொண்டே வந்து, ஓரமாக நகர்ந்து, ஏற்கெனவே அங்கே நிற்கும் மெல்லிய கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். எல்லாம் ஐந்தில் ஒரு விநாடிக்குள். பிறகு அடுத்த தவணை அயனிகள். மறுபடி மங்கல், மறுபடி கோடு.

அந்த ஒடுங்கலைக் காட்டி, "இதுதான் எலக்ட்ரான் குளிர்விப்பு" என்பார்கள். கறாராகப் பார்த்தால், குளிர்விப்பு நடந்ததற்குக் கிடைத்த சாட்சி அது. சாட்சி வேறு, சம்பவம் வேறு. குளிர்விப்பின் கோட்பாட்டைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. குளிர்ந்துவிட்டது என்று நமக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்வி பெரும்பாலும் கருவிப் பிரிவின் அறிக்கைகளோடு நின்றுவிடுகிறது. நியாயமாகப் பார்த்தால் அதுதான் கடினமான பாதி.

முதலில் சூடு என்றால் என்ன? லெய்ரில் நுழையும் ஈய அயனிகள் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 9.5 சதவீத வேகத்தில் ஓடுகின்றன. அந்த ஓட்டம் சூட்டில் சேராது. எல்லா அயனிகளும் ஒரே வேகத்தில், ஒரே திசையில் போனால் கற்றையின் வெப்பநிலை சுழியம்தான். ஒன்று சற்று முந்துகிறது, ஒன்று பிந்துகிறது, ஒன்று பக்கவாட்டில் அலைகிறது. இந்தச் சிதறல்தான் சூடு. திருவிழாக் கூட்டம் தேரோடு நகர்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தேரின் வேகம் கணக்கில் இல்லை, கூட்டத்துக்குள் நடக்கும் இடிபாடுதான் கணக்கு. உந்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிதறல் இருந்தால், கற்றையோடு சேர்ந்து ஓடும் ஒருவரின் பார்வையில் அதன் நெடுக்கு வெப்பநிலை சுமார் 2 கோடி கெல்வின். சிதறலைப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைத்தால் 2 லட்சம் கெல்வின். "குளிர்ந்த" கற்றை என்று பெருமையோடு சொல்வது இதைத்தான்!

இதற்கு வழி சொன்னவர் சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் இருந்த கெர்ஷ் புட்கர். 1966-இல் அவர் முன்வைத்த யோசனை வீட்டு அறிவோடு ஒத்துப்போகக்கூடியது: வளையத்தின் ஒரு நேர்பகுதியில், அயனிகள் செல்லும் அதே வேகத்தில், சிதறல் குறைந்த எலக்ட்ரான் கற்றை ஒன்றைக் கூடவே ஓடவிடு. அயனிகள் தங்கள் சூட்டை எலக்ட்ரான்களிடம் கொட்டும். நேர்பகுதி முடிந்ததும் அந்த எலக்ட்ரான்களைப் பிரித்தெடுத்துவிடு; அடுத்த சுற்றில் அயனிக்குக் கிடைப்பது புது எலக்ட்ரான்கள். ஓடும் வாய்க்காலில் பால் செம்பை வைத்து ஆற்றுவது மாதிரி, தண்ணீர் சுடுவதே இல்லை. 1974-இல் அதே நகரின் நாப்-எம் வளையத்தில் 65 மெகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான்களை 35 கிலோ எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்கள் குளிர்வித்தன. புரோட்டான் எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனம். ஒரே வேகத்தில் ஓட அந்த விகிதத்தில் குறைந்த ஆற்றல் போதும். லெய்ரின் ஈயத்துக்குத் தேவைப்படுவது வெறும் 2.3 கிலோ எலக்ட்ரான்வோல்ட்.

சொல்வது எளிது. எலக்ட்ரானின் இழுவிசைக்கு ஒரு குணம் உண்டு: வேக வித்தியாசம் கூடினால் விசை கூடும் என்று நாம் எதிர்பார்ப்போம், ஓர் எல்லைக்கு மேல் அது நேர்மாறாக, வித்தியாசத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைந்துபோகிறது. வேகம் சரியாகப் பொருந்தாவிட்டால், இரு கற்றைகளும் ஒரு கோணத்தில் வெட்டிக்கொண்டால், குளிர்விப்பு மெதுவாகும். சில சமயம் கண்ணுக்கே தெரியாது. எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது? குழந்தைக்குக் காய்ச்சலா என்று கழுத்தில் கைவைத்துப் பார்ப்போம். இங்கே வெற்றிடக் குழாய்க்குள் கைவைக்க வழியில்லை. கற்றையில் எதை நுழைத்தாலும் கற்றையே போய்விடும்.

ஆகவே ஒட்டுக்கேட்க வேண்டியிருக்கிறது.

1918-இல் வால்ட்டர் ஷாட்கி வெற்றிடக் குழாய்களில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய்ந்தபோது, எவ்வளவு சீரான மின்னோட்டத்திலும் ஓர் இரைச்சல் இருந்தே தீரும் என்றார். மின்னோட்டம் தண்ணீர்போல ஒழுகுவதில்லை, மழைத்துளிபோலத் தனித்தனியாக விழுகிறது. தகரக் கூரையில் மழை விழும் சத்தம்தான் ஷாட்கி இரைச்சல். 1972-இல் செர்னின் மோதல் வளையத்தில் இந்தச் சத்தத்தைப் புரோட்டான் கற்றையிலிருந்து கேட்டார்கள். வளையத்தில் இரண்டு உலோகத் தகடுகள் போதும். கடந்து போகும் ஒவ்வொரு துகளும் தகட்டில் ஒரு சின்னத் துடிப்பை எழுப்பும். அது சுற்றிவரும் ஒவ்வொரு முறையும் எழுப்பும். வேகமான துகளின் துடிப்புக்கு ஓர் அதிர்வெண், மெதுவான துகளுக்கு வேறு. ஆக, அதிர்வெண்களின் பரவலே உந்தச் சிதறலின் படம்.

லெய்ர் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். ஈய அயனி விநாடிக்குச் சுமார் 3.6 லட்சம் முறை சுற்றுகிறது. நூறாவது மடங்கில், அதாவது 36 மெகாஹெர்ட்ஸில் கேட்டால், ஆயிரத்தில் ஒரு பங்கு உந்தச் சிதறல் சுமார் 31 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையாகத் தெரியும். குளிர்ந்து பத்தாயிரத்தில் ஒன்றானதும் 3 கிலோஹெர்ட்ஸ். நாம் முதலில் திரையில் பார்த்த மங்கலும் கோடும் இவைதான்.

இந்த முறையின் அழகு, கற்றைக்குத் தான் கவனிக்கப்படுவதே தெரியாது என்பது. அதன் முதல் குறை நேரம். தம்புராவின் இரண்டு தந்திகள் நிறையவே விலகியிருந்தால் ஒரு மீட்டலில் தெரிந்துவிடும். மயிரிழை விலகலைக் கண்டுபிடிக்க நீண்ட நேரம் காது கொடுக்க வேண்டும். கற்றைக்கும் அதே சட்டம். 3 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை மில்லிவிநாடிக்குள் அளந்துவிடலாம். அகலம் சில பத்து ஹெர்ட்ஸாகச் சுருங்கினால் பல பத்து மில்லிவிநாடிகள் கேட்டாக வேண்டும். அதற்குள் கற்றை மாறிவிட்டிருக்கும். குளிரக் குளிர, அளவுகோல் மந்தமாகிறது.

இரண்டாவது குறை இன்னும் விஷமமானது. மழைத்துளி உவமை, துளிகள் ஒன்றையொன்று பொருட்படுத்தாத வரைதான் செல்லும். அயனிகள் ஒன்றையொன்று தள்ளுபவை. கற்றை சூடாக இருக்கும்போது இந்தத் தள்ளல் சிதறலில் அமுங்கிவிடும். நன்றாகக் குளிர்ந்து அடர்ந்ததும் அது தலைதூக்கும்: எங்காவது நாலு அயனிகள் கூடினால் மற்றவை உடனே விலகி இடத்தைச் சமன்செய்துவிடும். கூரை மேல் விழும் துளிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு சீராக விழ ஆரம்பித்தால் சத்தம் குறையும் இல்லையா? அப்படி இரைச்சல் குறைகிறது. பட்டையின் வடிவமும் மாறி, நடுவில் பள்ளத்தோடு இரண்டு திமில்கள் எழுகின்றன. கற்றையின் ஊடே முன்னோக்கியும் பின்னோக்கியும் ஓடும் இரண்டு அலைகள் அவை. திமில்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து வெப்பநிலை என்று எழுதினால் ஏமாந்துபோவோம். அது பெரும்பாலும் துகள்களின் நெரிசலைத்தான் சொல்கிறது. குளிர்விப்பு வெற்றிபெற்ற கணத்தில்தான் வெப்பமானி பொய் சொல்லத் தொடங்குகிறது. இந்தத் துறையின் அளவீட்டு முறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் இதே கதை வேறு வேறு வேடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது.

அந்தப் பொய்யிலிருந்தே சில உண்மைகள் கிடைத்ததும் உண்டு. 1980 வாக்கில் நாப்-எம் வளையத்தில், குளிர்ந்த புரோட்டான்களின் இரைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகவும் தணிந்து கிடந்தது. துகள்கள் ஏதோ ஒழுங்குக்குள் வருகின்றனவோ என்ற சந்தேகத்தை அது கிளப்பியது. 1996-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், ஜிஎஸ்ஐ நிறுவனத்தின் 108 மீட்டர் வளையமான இஎஸ்ஆரில், கன அயனிகளைக் குளிர்வித்து எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையவிட்டுப் பார்த்தார்கள். சில ஆயிரம் அயனிகள் மிஞ்சிய நிலையில் உந்தச் சிதறல் படிப்படியாக இறங்காமல் ஒரே தாவாகக் கீழே விழுந்தது, பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. 108 மீட்டரில் சில ஆயிரம் அயனிகள் என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சில சென்டிமீட்டர். அந்தத் தூரத்தில் ஒன்றை ஒன்று தாண்டிப் போகத் துணியாமல் பாசிமணிபோல வரிசையில் ஓடுகின்றன என்பதே ஏற்கப்பட்ட விளக்கம்.

இஎஸ்ஆரில் இன்னொரு சம்பவம் உண்டு. குளிர்ந்த கற்றையில் ஒற்றை அயனியின் ஷாட்கி ஒலியைக்கூடத் தனியாகக் கேட்க முடியும். அந்த அயனி சிதைந்து வேறு தனிமமானால் நிறை சற்று மாறும், அதிர்வெண் கோடு ஒரு தாவு தாவும். சிதைந்த நேரத்தை அப்படியே குறித்துக்கொள்ளலாம். இவ்வாறு பிரசியோடிமியம், புரோமீத்தியம் அயனிகளைக் கவனித்தவர்கள், சிதைவு வீதம் சுமார் 7 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்குவதாக 2008-இல் அறிவித்தார்கள். நியூட்ரினோ இயற்பியலாளர்களிடையே பெரிய சர்ச்சை. விளக்கக் கட்டுரைகள் குவிந்தன. மேம்பட்ட கண்டறிகருவியோடு சோதனை திரும்ப நடந்து, 2019-இல் வெளிவந்த முடிவில் அந்த ஏற்ற இறக்கம் இல்லை. சாதாரணச் சிதைவு வளைகோடுதான். யாரும் இதில் ஏமாற்றவில்லை. இரைச்சலின் விளிம்பில் காது வைத்துக் கேட்பவர்களுக்கு நேரக்கூடியதுதான். புதிய விளைவு என்று எவர் சொன்னாலும் முதலில் கருவியைப் பார் என்ற பழைய புத்தி இங்கே இரட்டிப்பாகச் செல்லும்.

இதுவரை பேசியது நெடுக்குச் சூடு. பக்கவாட்டுச் சூடு கற்றையின் பருமனில் தெரியும், அதை அறிய வேறு தந்திரங்கள்.

புரோட்டான் வளையங்களில் ஒரு தந்திரம் இலவசமாகவே கிடைத்துவிடுகிறது. கூட ஓடும் எலக்ட்ரானை எப்போதாவது ஒரு புரோட்டான் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜன் அணுவாகிவிடும். மின்னூட்டம் போய்விட்டதால் வளையத்தின் காந்தம் அதை வளைக்க முடியாது. வளைவு வந்ததும் கூட்டத்தை விட்டு நேராக வெளியேறிவிடும். சில மீட்டர் தள்ளி ஒரு கண்டறிகருவியை வைத்தால் அந்த அணுக்கள் விழும் புள்ளிகளின் பரவல், கற்றையின் பக்கவாட்டு அலைச்சலின் நேரடிப் படம். அணுக்களின் எண்ணிக்கை இன்னொரு செய்தி: வேகப் பொருத்தம் மேம்பட மேம்பட, எலக்ட்ரானை இப்படிப் பிடித்துக்கொள்ளும் மீள்சேர்க்கை கூடும். எண்ணிக்கை உச்சத்துக்கு வரும்வரை எலக்ட்ரான் மின்னழுத்தத்தைத் திருகினால் பாதி வேலை முடிந்தது. ஆனால் கவனம் தேவை. எலக்ட்ரான் அடர்த்தி கூடினாலும் எண்ணிக்கை கூடும், எலக்ட்ரானின் பக்கவாட்டுச் சூடு குறைந்தாலும் கூடும். ஒற்றை எண்ணில் மூன்று காரணங்கள் கலந்திருக்கின்றன.

கன அயனிகளில் இந்த இலவசத்துக்கு விலை உண்டு. எலக்ட்ரானைப் பிடித்த அயனி வளையத்துக்குப் பொருந்தாமல் தொலைந்துபோகிறது. 1990களில் லெய்ரின் முன்னோடியான லியர் வளையத்தில் ஈயத்தின் பல மின்னூட்ட நிலைகளைக் குளிர்வித்து ஆயுளை அளந்தார்கள். 53 எலக்ட்ரான்களை இழந்த ஈயம், அக்கம்பக்க நிலைகளோடு ஒப்பிடவே முடியாத வேகத்தில் காணாமல் போயிற்று. அந்த ஒரு நிலையில் மட்டும் எலக்ட்ரானைப் பிடிக்கும் ஒத்ததிர்வு ஒன்று சரியாகக் குளிர்விப்பின் வேகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. முடிவாக, செர்ன் 54-ஐத் தேர்ந்தெடுத்தது. இன்று பெரிய வளையத்தில் ஈயம் மோதும் ஒவ்வொரு முறையும் அந்தத் தேர்வு உள்ளே இருக்கிறது. ஒரே ஓர் எலக்ட்ரான் வித்தியாசம். கற்றையின் ஆயுளைக் கவனித்துக்கொண்டிருந்ததால் பிடிபட்டது.

பருமனை அளக்க இன்னொரு வழி, குழாயில் எஞ்சியிருக்கும் வாயு. எவ்வளவு உறிஞ்சினாலும் சில மூலக்கூறுகள் மிஞ்சும். கற்றை அவற்றை உடைக்கும். உடைந்த துண்டுகளை ஒரு மின்புலம் பக்கவாட்டுத் தகட்டுக்கு இழுத்துச் செல்லும். தகட்டில் விழும் தடமே கற்றையின் நிழல். இங்கேயும் பழைய கதை. கற்றை ஒடுங்கி அடர்ந்ததும் அதன் சொந்த மின்புலமே துண்டுகளை விலக்கி நிழலைப் பருமனாக்குகிறது. கூடவே ஓர் அன்றாடத் தொல்லை: தகடு நுண்துளைகள் கொண்ட கண்ணாடி, துளைக்குள் விழும் துகள் அங்கே பெருகும். குளிர்ந்த கற்றை நாள்தோறும் ஒரே இடத்தில் நிழல் விழச் செய்வதால் அந்த இடத்தின் பெருக்கும் திறன் தேய்ந்துபோகிறது, பழைய கோயில் படிக்கட்டின் நடுப்பகுதிபோல. நடுவில் எண்ணிக்கை குறைவாகக் காட்டும். உச்சி தட்டையாகும். குளிர்விப்பு கெட்டுவிட்டதோ என்று திருகுகளைத் திருப்பத் தொடங்கினால் நன்றாக இருந்ததும் கெட்டுவிடும்.

எலக்ட்ரான் பக்கத்தைக் கண்காணிப்பது அவ்வளவு கவிதையானது அல்ல, ஆனால் அன்றாடம் உதவுவது அதுதான். உயர் மின்னழுத்தம் எவ்வளவு நிலையாக நிற்கிறது, எலக்ட்ரான்களில் எத்தனை சேகரிப்பானைத் தவறவிட்டுக் கசிகின்றன, இரு கற்றைகளின் மையமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். இதில் நுணுக்கமானது ஒன்று: எலக்ட்ரான் கற்றையின் சொந்த மின்னூட்டம் காரணமாக நடுவில் உள்ள எலக்ட்ரான்கள் ஓரத்தில் உள்ளவற்றைவிட மெதுவாக ஓடும். ஆகவே மீட்டரில் தெரியும் மின்னழுத்தம் அயனி சந்திக்கும் மின்னழுத்தம் அல்ல. லெய்ரின் குளிர்விப்பானில், எலக்ட்ரான் கற்றையை நடுவில் குடைந்ததுபோல உள்ளீடற்றதாக ஆக்க முடியும். குளிர்ந்த அயனிகள் குவிந்திருக்கும் நடுவில் எலக்ட்ரான் குறைந்தால், அங்கே மீள்சேர்க்கை இழப்பும் குறையும்.

இழுவிசையையே நேரடியாக அளக்கும் முறையும் உண்டு. எனக்கு இவை எல்லாவற்றிலும் நம்பகமாகப் படுவது இதுதான். குளிர்ந்து நிற்கும் கற்றை. எலக்ட்ரான் மின்னழுத்தத்தைத் திடீரென ஒரு சின்னப் படி மாற்று. அயனிகள் புதிய வேகத்தை நோக்கி இழுபடும். ஷாட்கி கோடு எவ்வளவு விரைவாக நகர்கிறது என்று பார்த்தால் விசை கையில் வந்துவிடும். பட்டையின் வடிவம் எப்படித் திரிந்திருந்தாலும், அதன் மையம் நகர்வதை மறைக்க முடியாது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் 2005 ஜூலையில் 8 கிகா எலக்ட்ரான்வோல்ட் எதிர்ப்புரோட்டான்களை 4.3 மெகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்களால் குளிர்வித்துக் காட்டினார்கள். அங்கே குளிர்விப்பானைச் சீர்செய்யக் கைகொடுத்த முறைகளில் இதுவும் ஒன்று.

2019 ஏப்ரலில் புரூக்ஹேவன் ஆய்வகம் இன்னொரு படி ஏறியது. ரிக் வளையத்தின் தங்க அயனிகளை, தொடர்ச்சியான கற்றைக்குப் பதிலாகக் கொத்துக் கொத்தான எலக்ட்ரான்களால் குளிர்வித்தார்கள். எலக்ட்ரான்களின் ஆற்றல் 1.6 மெகா எலக்ட்ரான்வோல்ட். கொத்துகள் என்பதால் கண்காணிப்புக்கு ஒரு வசதி: எலக்ட்ரான் படும் அயனிக் கொத்தையும் படாத கொத்தையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடலாம். ஒரே வளையம், ஒரே வெற்றிடம், ஒரே நேரம். வித்தியாசம் எலக்ட்ரான் மட்டுமே. ஒரு கொத்து நீளம் குறுகி நிற்க, பக்கத்துக் கொத்து பரந்துகொண்டே போனால், அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

எல்லா வசதியும் ஒரே நேரத்தில் கைவிடும் இடமும் ஒன்று இருக்கிறது. செர்னின் எதிர்ப்புரோட்டான் கூடம். எதிர்ப்புரோட்டான் எதிர்மின்னூட்டம் கொண்டது, எலக்ட்ரானும் அப்படியே. ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளாது. மீள்சேர்க்கை இழப்பு இல்லை என்று மகிழலாம். ஆனால் வெளியேறும் நடுநிலை அணுவும் இல்லை, அந்த ஜன்னல் மூடிவிட்டது. துகள்களும் சில கோடிதான். வேகம் குறைந்த கட்டத்தில் அவற்றின் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியரைக்கூட எட்டாது. அதை எண்ணவே மீக்கடத்தி கொண்டு இயங்கும் காந்தப்புல உணரியைப் பூட்ட வேண்டியிருந்தது. பருமனை அறிய, ஓர் உலோக விளிம்பைக் கற்றைக்குள் மெல்ல நகர்த்தி, எந்த இடத்தில் எத்தனை துகள்கள் மோதி அழிகின்றன என்று எண்ணுவார்கள். ஒரு முறை அளந்தால் அந்தச் சுழற்சியின் கற்றை காலி. நூறு விநாடி அளவு காத்திருந்து அடுத்ததை எடுக்க வேண்டும்.

அங்கிருந்து கற்றை 30 மீட்டர் சுற்றளவுள்ள எலெனா வளையத்துக்குப் போகிறது. 5.3 மெகா எலக்ட்ரான்வோல்ட்டிலிருந்து 100 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு இறக்குவது அதன் வேலை. கடைசிக் கட்டத்தில் குளிர்விக்கும் எலக்ட்ரானின் ஆற்றல் சுமார் 55 எலக்ட்ரான்வோல்ட். ஐந்து கார் பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் வருவதைவிடக் குறைந்த மின்னழுத்தம். இவ்வளவு மெதுவான எலக்ட்ரானை நேராக ஓடவைக்க 100 காஸ் காந்தப்புலம் கூடவே வழிகாட்டுகிறது. எலெனா வருவதற்கு முன், சோதனைக்கூடங்கள் மெல்லிய தகட்டில் எதிர்ப்புரோட்டான்களை மோதவிட்டு வேகத்தைக் குறைத்தன. அவற்றைப் பிடித்துவைக்கும் பொறியில் நூற்றுக்கு ஒன்றுகூடச் சிக்காது. இப்போது அது பல மடங்கு கூடியிருக்கிறது. வளையத்துக்குள் ஷாட்கி பட்டை எப்படித் தெரிந்தாலும், விளிம்பு அளவீடு எதைச் சொன்னாலும், அன்று குளிர்விப்பு சரியாக நடந்ததா என்று கேட்டுக் கீழ்த்தளத்துச் சோதனைக் குழுவுக்குத் தொலைபேசியில் பேசினால் கிடைக்கும் பதில் ஓர் எண்தான்: பொறியில் எத்தனை விழுந்தன.